கம்பளம் காயும் வரை

மே 4, ஞாயிறு

மையத்துக் கவுன்சிலர் பிரிஸில்லா மேடம் இந்த நோட்டைக் கொடுத்துப் பதின்மூன்று நாளாகிறது. கோவை மறுவாழ்வு மையத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்துவிட்டு நான் வெளியே வந்த அன்று கொடுத்தார். "தெனம் எழுதுங்க மாசிலாமணி. ஒரு வரி போதும். பக்கத்தக் கிழிக்கக்கூடாது. பொய் எழுதிட்டா அடிச்சுத் திருத்தக்கூடாது. இன்னொரு நாள் நெசத்த எழுதுங்க, போதும்." எழுதுகிற ஆள் போலவா நான் இருக்கிறேன்? பதின்மூன்று நாளும் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். இன்று எழுத விஷயம் இருக்கிறது.

கோகிலம் பேசினாள். மேட்டுப்பாளையத்தில் அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், எங்கள் பாப்பாவோடு. போனில் நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். "ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னால குன்னூர் வருவனுங்க. வந்து உங்களப் பாப்பேன். சரியா இருந்தீங்கன்னா பாப்பா அங்கயே ஆறாவது படிக்கட்டும். இல்லைன்னா டி.சி. வாங்கிட்டு வந்துருவேன்." பள்ளி ஜூன் 2 திறக்கிறது. டி.சி. கைக்கு வந்துவிட்டால் அவள் இந்த மலை ஏற மாட்டாள். பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவன், எனக்கு அது தெரியும்.

இன்னொன்று. நான் ரூம் வேலை பார்க்கும் குன்னூர் கிளப்பின் செக்ரட்டரி மேடம் கூப்பிட்டார். மே 30 கிளப் நாள். அதற்குள் ஹாலில் கிடக்கும் பெரிய கம்பளத்தைத் துவைக்க வேண்டும். எட்டு வருடமாகத் தண்ணீர் படாத கம்பளம். கோவைக் கம்பெனிக்காரன் அளவைக் கேட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டானாம். "உன்னைத் திரும்ப எடுத்ததுக்கு நீ ஏதாவது செஞ்சு காட்டணும்ல" என்றார். சரி என்றேன். இந்தக் கிளப்பில் கம்பளிக் கம்பளத்தின் தலை எது வால் எது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பதினாறு வருட வேலையில் என்னிடம் மிச்சமிருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

கம்பளத்தைத் துவைப்பதற்கு முன்னால் அடிக்க வேண்டும். இது தெரியாமல் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே இருக்கிற மண் சேறாகி அடிநூலில் ஒட்டிக்கொண்டால் பிறகு கடவுளாலும் எடுக்க முடியாது.

இருபதடிக்குப் பதினான்கடி. தோட்டக்காரர்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கப் புல்தரையில் குப்புறப் போட்டார்கள். பிரம்பு மட்டையால் முதுகில் அடித்தேன். அரை மணிக்கொருமுறை வேறு இடத்துக்கு இழுத்துப் போட்டோம். ஒவ்வொரு முறையும் புல்லின் மேல் கம்பளத்தின் அளவுக்கு மண் படிந்து கிடந்தது. மேலே அழுக்கே தெரியாது. எல்லாம் வேரில் இருக்கும், நடக்க நடக்கக் கம்பளியை அறுத்துக்கொண்டே இருக்கும். சோபா கிடந்த இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது, உள்ளங்கை அளவு.

மண்ணோடு கீழே விழுந்தவை: ஒரு தோடு, சுருட்டுத் துண்டு, சோடா மூடிகள், இரண்டு கார்க். தோட்டை ஆபீசில் கொடுத்தேன்.

கை நடுங்கவில்லை. மட்டை பிடித்த கையாக இருந்ததால் நடுங்கியிருந்தாலும் தெரிந்திருக்காது.

மே 7, புதன்

பாப்பா போனில் பேசினாள். ஐந்து நிமிடம். மாமா வீட்டில் முயல் வாங்கியிருக்கிறார்களாம்.

மே 9, வெள்ளி

சாயம் சோதித்தேன். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து, பத்து நிமிடம் செங்கல்லால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். நீலம் நிற்கிறது. பச்சை நிற்கிறது. சிவப்பு கொஞ்சம் விடுகிறது. கடைசி அலசலில் வினிகர் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும்.

லூர்து வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கிளப்பின் பார்மேன். என்னைவிட நான்கு வயது மூத்தவன், வாய் ஓயாதவன், கெட்டவன் இல்லை.

"ஏன் மாசி, ஊர்ல ஒனக்கு வேற கார்ப்பெட்டே கெடைக்கலயா? மேடம்கிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"வேற யாரு பண்ணுவா?"

"யாரும் பண்ண வேணாம். கெடக்கட்டும். பிரிஸில்லா மேடத்துக்குத் தெரியுமா, இது எந்த ஹாலுன்னு?"

நான் சிவப்பின் மேல் இன்னொரு செங்கல்லை வைத்தேன்.

இந்த நோட்டிலும் 'ஹால்' என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. அது பார் ஹால். என்னை ரூம் வேலைக்கு மட்டும்தான் திரும்ப எடுத்தார்கள், பார் பக்கமே போகக்கூடாது என்று நிபந்தனை. ஆனால் நான் பாருக்குப் போகவில்லையே. கம்பளம்தான் வெளியே வந்திருக்கிறது.

மே 12, திங்கள்

மழை. கோடை மழை என்று பெயர், பெய்வது ஆடி மழை மாதிரி. கம்பளத்தைச் சுருட்டி வண்டிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். மடிக்கவில்லை, மடித்தால் முதுகு முறியும். உள்ளே வேப்பிலை போட்டிருக்கிறேன். பூந்திக்கொட்டையை இடித்து ஊறவைத்தேன். நாளை வெயில் வந்தே ஆக வேண்டும். கம்பளி தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. காய்வதற்குக் குறைந்தது ஐந்து நாள். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

மே 13, செவ்வாய்

காலையில் வெயில். சிமென்ட் தளத்தில் விரித்தோம். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஆகாது. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிப் பாய் மாதிரி இறுகிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றி, மயிர் படுத்திருக்கும் திசையிலேயே மெல்லிய பிரஷ்ஷால் தடவிக் கொடுத்தேன். எதிர்த்திசையில் தேய்த்தால் நூல் பிரிந்து நரை தட்டிவிடும். கால்மாட்டில் ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் நடுப்பகுதிக்கு வந்தேன்.

அப்போதுதான் வாசனை எழுந்தது.

உலர்ந்திருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. ஈரம் பட்டதும் எட்டு வருடம் சிந்தியதெல்லாம் எழுந்து வந்துவிட்டது. ரம், பிராந்தி, விஸ்கி, பியர். ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. ஜன்னல் ஓரம் ஜின். லூர்து நின்று ஊற்றுகிற அலமாரி மூலையில் ரம். மையத்தில் இருந்த நாற்பத்தைந்து நாளும் மூக்கு ஒன்றையும் மறக்கவில்லை.

எழுந்து போய்க் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டேன். துண்டில் நீலகிரித் தைலத்தை ஊற்றி மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தேன். கண்ணில் நீர் கொட்டிற்று. தைலத்தையும் தாண்டி அது வந்துகொண்டுதான் இருந்தது. சாயங்காலம் வரை வேலை செய்தேன். இப்போது எழுதும்போதும் என் கைகளில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது.

மே 14, புதன்

கம்பளம். இன்னொரு முறை பூந்திக்கொட்டைத் தண்ணீர். எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் வேலை செய்தேன். வேறு ஒன்றும் இல்லை.

பல்லிடுக்கில் சிவப்பு நூல் ஒன்று மாட்டிக்கொண்டது. பல் தேய்த்தும் போகவில்லை.

மே 15, வியாழன்

பதினொரு முறை அலசினேன். பதினோராவது தண்ணீர் தெளிந்திருந்தது. பிறகு வினிகர் தண்ணீர். பலகையால் நீரை வழித்துத் தள்ளினேன். ஆறு பேர் சேர்ந்து மூங்கில் பரண் மேல் ஏற்றினார்கள். காற்று அடியிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் பூஞ்சணம் பிடித்து அடிநூல் இற்றுவிடும்.

சாயங்காலம் சர்ச் மண்டபத்தில் குடியை விட்டவர்களின் கூட்டம். பிரிஸில்லா மேடம் வியாழன்தோறும் மலை ஏறி வந்துவிடுகிறார். "எப்படி இருக்கீங்க மாசிலாமணி?" என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "என்ன, தைலம் இவ்வளவு?" சளி என்றேன்.

கையை உயர்த்தி எழுந்து நின்று குடிக்காமல் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னார்கள். என் முறை வந்தபோது இருமல் வந்துவிட்டது.

மே 17, சனி

மழை, வெயில், மழை. தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாகவே பிழைப்பு. இன்று ஒன்பது முறை.

கோகிலம் பேசினாள். என்ன செய்கிறீர்கள் என்றாள். கார்ப்பெட் காயவைக்கிறேன் என்றேன். "அதுக்கெல்லாம் பொறுமை இருக்குது உங்களுக்கு" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன்.

மே 20, செவ்வாய்

வெயில் நன்றாக அடித்தது. கம்பளத்திலிருந்து ஆவி எழும்பியது. ஈரத்தில் இருந்ததைவிட மோசம். பரணைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள், கம்பளத்தைப் பார்ப்பதில்லை. மற்ற இடங்களில் குறைந்திருக்கிறது. அந்த அலமாரி மூலையில் மட்டும் போகவே இல்லை. நான்கு முறை தனியாக அலசியாயிற்று.

சாப்பிடவில்லை.

மே 21, புதன்

எல்லாம் நல்லபடியாகப் போகிறது. கம்பளம் காய்கிறது. மூலை வாசனையும் போய்விட்டது.

மே 23, வெள்ளி

மேலே புதன்கிழமைக்கு எழுதியிருப்பது பொய். அடிக்கக்கூடாது என்பதால் அப்படியே விடுகிறேன். நடந்தது இது.

அன்று மதியம் அந்த மூலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பரணில் வேறு யாரும் இல்லை. வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்தது, நாய்க்கு ஊறுகிற மாதிரி. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடினேன். ரூம் பாத்ரூம் கழுவ வைத்திருக்கும் பிளீச் கேன் கையில் கிடைத்தது. கொண்டுவந்து அந்த மூலையில் கொட்டினேன். தண்ணீர்கூடக் கலக்கவில்லை. வாசனையைக் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

பிளீச் கம்பளியைத் தின்றுவிடும். சுண்ணாம்புக்காளவாயில் போட்ட மாதிரி. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன், பதினாறு வருடமாக. பஞ்சில் கொட்டலாம், நைலானில் கொட்டலாம், கம்பளியில் ஒரு சொட்டு ஆகாது. முதலில் மஞ்சளாகும். பிறகு தொட்டால் வழவழவென்று இருக்கும். பிறகு கையோடு வந்துவிடும். என் கையோடு வந்தது. குழாயைத் திருப்பி அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன். இரண்டு சாண் அகலத்துக்கு மயிர் போய் அடிநூல் பல்லைக் காட்டுகிறது.

வாசனை போய்விட்டது, அதில் பொய்யில்லை.

இரண்டு நாள் அந்த மூலையைத் தார்ப்பாயால் மூடியே வைத்திருந்தேன். இன்று செக்ரட்டரி மேடம் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அடிநூலைத் தொட்டார்.

"பகல்லயே ஆரம்பிச்சாச்சா?"

"இல்லீங்க மேடம். நான் தெளிவாத்தான் இருந்தேன்."

"தெளிவா இருந்தா இதச் செஞ்ச? நீயா?"

"ஆமாங்க."

"மாசிலாமணி, குடிச்சிருந்தேன்னு சொல்லு. அத நான் புரிஞ்சுக்குவேன். தெளிவா இருந்து கொட்டினேன்னு சொன்னா நான் உன்னைய என்னன்னு நெனைக்கிறது?"

பக்கத்தில் வந்து முகர்ந்தார். என் சட்டையெல்லாம் கம்பள வாசனை. இரண்டடி பின்னால் போனார். "கிளப் நாள் முடியட்டும், பேசிக்கலாம்" என்றுவிட்டுப் போய்விட்டார். ஹாலில் சணல் பாய் விரிக்கப்போகிறார்களாம். கம்பளம் என்னோடு பரணிலேயே கிடக்கும்.

மே 24, சனி

யாரும் என்னோடு பேசவில்லை. நானும் யாரோடும் பேசவில்லை. பிளீச் அரித்த இடத்தின் ஓரத்தை ஊசி நூலால் கட்டினேன், மேலும் பிரியாமல் இருக்க.

மே 26, திங்கள்

லூர்து வந்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினான்.

"மாசி, ஒன்னு சொல்றேன், கோவப்படாத. எங்க வீட்ல இருக்கறவ கோகிலத்துக்கிட்டப் பேசிட்டா. பிளீச்ச ஊத்துனத."

"என்னன்னு சொன்னா?"

"பொம்பளைங்க என்னன்னு பேசும்? மாசிலாமணி அண்ணன் மறுபடி ஆரம்பிச்சுட்டாருபோல, பாவம்னு சொல்லியிருக்கா. நான் வையத்தான் வஞ்சேன்."

"நீ என்ன நெனைக்கற?"

லூர்து கம்பளத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட நீ வாங்கல. அது எனக்குத் தெரியும். வெளிய எங்க போனியோ, அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோகிலத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு முறை போட்டேன். ஏழாவது முறை அவள் அண்ணன் எடுத்து, "சனிக்கிழம அவ வர்றா. டி.சி. வாங்கறதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே வந்து முப்பத்தைந்து நாள். ஒரு கிளாஸ் எடுக்கவில்லை, ஒரு பாட்டிலைத் தொடவில்லை, கடை இருக்கிற தெரு வழியே போகவில்லை. இதை யார் நம்புவார்கள்? நானே வெளியே நின்று இந்த ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டேன். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஆயிரம் முறை குடிக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன், பாப்பா தலைமேல் கைவைத்துக்கூட. அதே வாயால்தான் இப்போதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே 28, புதன்

இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. கோகிலத்திடம் கொடுக்கலாம். எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் கொடுப்பதென்றால் 14ஆம் தேதியையும் அவள் படிப்பாள். அங்கே ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காலையிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

14ஆம் தேதி மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மூலைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். எவ்வளவு வாசனை இருக்கிறது என்று கிட்டத்தில் முகர்ந்து பார்க்கலாம், வேலைக்காகத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முகத்தைக் கம்பளத்தில் வைத்தேன். பிறகு வாயை வைத்தேன். கம்பளியைப் பல்லால் கடித்து உறிஞ்சினேன்.

மண், பூந்திக்கொட்டைக் கசப்பு, எட்டு வருடமாக ஊரார் செருப்புக்காலோடு நடந்த அழுக்கு. அதற்கு நடுவே அதுவும் இருந்ததா, இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. பிறகு ரோஜாச் செடிகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து திரும்ப பிரஷ்ஷைப் பிடித்தேன்.

இது குடித்ததாகுமா? எத்தனை நாள் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பிரிஸில்லா மேடத்திடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. பாட்டிலில் குடித்திருந்தால்கூட இத்தனை அசிங்கப்பட மாட்டேன். அதற்காவது ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

மே 30, வெள்ளி

கிளப் நாள். பாட்டுச் சத்தம் கேட்கிறது. நான் பரணில் கம்பளத்தைப் புரட்டிப் போட்டேன். காய்ந்துவிட்டது, அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். வாசனை குறைந்திருக்கிறது, போகவில்லை.

மே 31, சனி

காலையில் ஒரு தூறல். தார்ப்பாய் போடுவதற்குள் மேலே நனைந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கோகிலம் வந்தாள். பாப்பாவும் வந்தாள், உயரமாகிவிட்டாள். நான் குளித்து, சலவைச் சட்டை போட்டுத்தான் நின்றிருந்தேன். ஆனால் அந்தத் தூறலுக்குத் தார்ப்பாயை இழுத்ததில் கம்பளத்தோடு கட்டிப்புரண்ட மாதிரி ஆகிவிட்டது.

கோகிலம் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் அடித்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக நான் வாசல்படி ஏறும்போதெல்லாம் மாறிய அதே முகம்.

"இன்னைக்குமாங்க?" என்றாள். "இன்னைக்கு ஒரு நாளு பொறுக்க முடியலயா உங்களால?"

"நான் குடிக்கல கோகிலம். இது கார்ப்பெட்டு வாசன."

"கார்ப்பெட்டு குடிச்சுதா?"

நான் கம்பளத்தைக் கையால் காட்டினேன். அவள் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, "வா பாப்பா, போலாம்" என்றாள்.

பாப்பா அங்கே இல்லை. பரண் ஓரத்தில் நின்று கம்பளத்தில் இருக்கிற பூவையும் மானையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே குனிந்து கன்னத்தை அதில் வைத்தாள். மெத்தென்று இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"அம்மா, இங்க வாயேன். இதுல அப்பா வாசன அடிக்குது."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். முயல் வாங்கியதைச் சொன்ன அதே குரலில். பிறந்ததிலிருந்து அவள் அப்பாவுக்கு இதுதான் வாசனை. வேறொன்று அவளுக்குத் தெரியாது. இதைவிட என்னை யாரும் செருப்பால் அடித்ததில்லை.

கோகிலம் வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து கம்பளத்தை முகர்ந்தாள். இன்னொரு இடத்தில் முகர்ந்தாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து என் சட்டைக் காலரை இழுத்துக் கழுத்துக்குப் பின்னால் முகர்ந்தாள். வாயை அவள் எப்போதும் முகர்வதில்லை, வாயில் ஏலக்காய் இருக்கும் என்று தெரியும். கழுத்து வேர்வை பொய் சொல்லாது என்பாள்.

"மேலதான் இருக்குது," என்றாள். "உள்ளேயிருந்து வரல."

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "இதப் படி. 28ஆம் தேதிய மொதல்ல படி. அதுக்கப்புறம் நீ என்ன செஞ்சாலும் சரி."

பாப்பாவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பரண் படியில் உட்கார்ந்து படித்தாள். நான் கம்பளத்தின் குஞ்சத்தை ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை.

"வாய வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"முழுங்குனீங்களா?"

"தெரியல. கொஞ்சம் உள்ள போயிருக்கும்."

அவள் நோட்டை மூடினாள். பிறகு எழுந்து நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "ஸ்கூல் ஆபீஸு ஒரு மணிக்குச் சாத்திருவாங்க" என்றாள்.

அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்தேன். பாப்பா இரண்டு முறை திரும்பிக் கையசைத்தாள்.

(நோட்டு கோகிலத்திடம் இருக்கிறது. இதை லாண்டரிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிரிஸில்லா மேடம் ஒரு வரி போதும் என்றார். பதினொரு சீட்டு ஆகிவிட்டது.)

ஜூன் 1, ஞாயிறு

டி.சி. வாங்கிவிட்டாள். லூர்து சொன்னான்.

மூலையில் போன இடத்துக்குக் கம்பளி நூல் கட்ட ஆரம்பித்தேன். பூச்சி அரித்த இடத்திலிருந்து மிச்சமிருக்கும் நல்ல நூலை உருவி எடுத்துக் கட்டுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு விரல் அகலம்தான் முடியும். செக்ரட்டரி மேடம் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

டி.சி. வாங்கிவிட்டாள் என்று லூர்து சொன்னபோது முதலில் என் கால்கள் கடைத்தெருப் பக்கம் திரும்பின. திரும்பியது மட்டும்தான். வந்து ஊசியைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு ஊசி போதுமாக இருந்தது. நாளைக்கு எது என்று தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறக்கிற நாள். குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலையில் போகவே இல்லை, சீருடைப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்.

ராத்திரி ஏழு மணி இருக்கும், கோகிலமே போன் போட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"இருவதாந் தேதி 'சாப்பிடவில்லை'ன்னு எழுதியிருக்கறீங்க. ஏன் சாப்பிடல?"

"வாயில எத வெச்சாலும் அந்த வாசனதான் தெரிஞ்சுது."

"இப்பச் சாப்புடுறீங்களா?"

"ரெண்டு வேள."

"அன்னைக்கு நீங்க சொன்ன பக்கத்த மட்டுந்தான் படிச்சேன். இப்ப மொதல்லயிருந்து படிச்சிட்டு வர்றேன். ஒரு நாளைக்குக் கொஞ்சமாத்தான் முடியுது. அதுக்கு மேல மூடி வெச்சர்றேன்."

"டி.சி. என்னாச்சு?"

"பையில இருக்குது. அண்ணன் நாளைக்கு இங்க ஸ்கூல்ல குடுத்துரலாம்கறாரு. புதன்கிழம வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அடுத்த பக்கத்துக்குப் போகிறாள்.

இருபதுக்கு அடுத்து இருபத்தொன்று. பேசாமல் இருந்தால் இன்று அவள் அதைப் படித்துவிட்டு, எல்லாம் நல்லபடி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். ஒரு நாள் நல்ல பெயரோடு இருக்கலாம்.

"கோகிலம், நில்லு. அடுத்த பக்கத்துல நான் எழுதியிருக்கறது பொய்யி."

காகிதச் சத்தம் நின்றது. பன்னிரண்டு வருடத்தில், அவள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானாக என் வாயால் ஒப்புக்கொண்ட பொய் இது ஒன்றுதான். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நெசம் என்னங்க?" என்றாள்.

சொன்னேன். எச்சில் வழிந்ததிலிருந்து பிளீச் வரை எதையும் விடாமல் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பாப்பா புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பழுப்புக் காகிதத்தை மடித்து நகத்தால் கீறுகிற சத்தமும், அட்டையில் என்ன எழுதுவது என்று அவள் அம்மாவைக் கேட்பதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"பேர மட்டும் எழுது பாப்பா," என்றாள் கோகிலம். "ஸ்கூல் பேரு அப்பறம் எழுதிக்கலாம்."